யாரும் எடுக்காத எண்

அன்புள்ள அக்கா,

சிறுநீரக நோயுள்ள குழந்தைகளுக்காக நீ இணையத்தில் நடத்தும் குலுக்கலைப் பெரேரா நகரமே மெச்சுகிறது. அந்த வார அரசு லாட்டரியில் விழும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், உன்னிடம் யார் வாங்கிய எண்ணோ, அவருக்குப் பரிசு. அதை யாரும் எடுக்காவிட்டால் பரிசு அடுத்த வாரத்துக்குத் தங்கும்.

அப்படித் தங்கிய மிக்சியை மறுவாரம் காணோம். கேட்டதற்கு, "போடி, உனக்கு எப்பவும் சந்தேகம்தான்" என்று சிரித்தாய்.

நேற்று நேரலையில், "நாப்பத்தேழை யாருமே எடுக்கலையே! தையல் மெஷின் தங்கிடுச்சு" என்று உச்சுக்கொட்டினாய்.

"நேரலையெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாதும்மா" என்று எழுதி, வாராவாரம் உன்னிடம் நாற்பத்தேழை வாங்கும் எவெலியா பாட்டி நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது தையல் மெஷினையும் கொண்டு வா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் சந்தேகக்காரத் தங்கை