சாமி ஆணியில் தொங்கிய மணிச்சரம்

என் தங்கமான தனம் அக்காவுக்கு,

நம்ம வசந்தா வயசுக்கு வந்துட்டா. முதல்ல அதைச் சொல்லிடறேன், மத்த சமாசாரமெல்லாம் அப்புறம். நேத்து மத்தியானம் ஸ்கூல் பையை மார்போட அணைச்சுக்கிட்டு, சுவரை ஒட்டினாப்ல நடந்து வந்தா. என்னடி ஆச்சுன்னேன். "சின்னம்மா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு, நான் செத்துப் போயிடுவேனா?"ன்னு கேட்டா. பயந்தா அவளுக்கு உன் முகமேதான் வந்துடுது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துடுச்சுக்கா.

நீ ஒரே ஒரு நாள் பாத்த பொண்ணு அவ. அன்னைக்கு "மூக்கு யாரு மாதிரிடி இருக்கு?"ன்னு கேட்டே. "வேற யாரு, நம்ம மாமியார் மாதிரிதான்"னு நான் வம்புக்குச் சொன்னேன். பேச்சே சரியா எழும்பாத அந்த நிலைமையிலயும் நீ சிரிச்சே. உன் சிரிப்பை நான் கடைசியா பாத்தது அப்பதான்.

இதை நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுதறேன், கோவிச்சுக்காதே. வெக்கப்பட்டு வெக்கப்பட்டே நாம கெட்டது போதும். படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். நானும் தனம் அக்காவும் ஓரகத்திங்க. அண்ணன் தம்பியைக் கட்டிக்கிட்டு, பெங்களூர் அல்சூர்ல ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல பொங்கினவங்க. அக்கா கோலார் தங்கவயல்ல பொறந்தவ, நான் குடியாத்தம். வந்த புதுசுல அவளை நீங்க வாங்கன்னுதான் கூப்பிட்டேன். ஒரு நாள் நான் குழம்புல உப்பை ரெண்டு தடவை போட்டதை அவ போட்டதாச் சொல்லி அத்தைகிட்ட திட்டு வாங்கினா. அன்னையில இருந்து நீதான்.

உனக்கு நாலு பிள்ளைங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. நாலாவது பிரசவத்துல நீ பிழைச்சதே பெரிசு. "உடம்புல ரத்தமே இல்லம்மா, இன்னொண்ணு தாங்காது. உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு, ஆம்பளைங்களுக்கும் ஒரு ஆபரேஷன் இருக்கு"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாமா வரலை. "நான் லேத் மிஷின்ல நிக்கிறவன். தெம்பு போயிட்டா பேக்டரில என்னை வெச்சுக்குவானா?"ன்னு உங்கிட்டயே கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். அந்தப் பயத்தையும் நீதானே சுமந்தே?

அந்தச் சமயத்துலதான் நம்ம தெருவுக்கு அந்தக் கவர்மெண்ட் அம்மா வந்தாங்க. ஞாபகம் இருக்கா? கன்னடக்காரம்மா, வெள்ளைப் பொடவை, குடை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷந்தான் ஆகுது, ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தணும்னு டெல்லில முடிவு பண்ணிட்டாங்கன்னாங்க. செலவில்லாத வழின்னு ஒரு மணிச்சரத்தைக் குடுத்தாங்க. பச்சை மணி, சிவப்பு மணி. தினம் விளக்கு வெச்சதும் ஒரு மணி தள்ளணும். பச்சை வந்தா பயமில்லை. சிவப்பு வந்தா புருஷன்கிட்ட இருந்து தள்ளிப் படுக்கணும். "இது மருந்து அல்லம்மா, கணக்கு. மரிபேடி, மறக்காதே"ன்னு உன் தாடையைத் தொட்டுச் சொன்னாங்க.

எனக்கு ஒண்ணு குடுங்கன்னு நானும் கையை நீட்டினேன். "உனக்கு எத்தனை மக்கள்?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "அப்புறம் எதுக்கு?"ன்னு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. பிள்ளை வேணாம்ங்கிறவளுக்குக் கவர்மெண்ட் வாசல்ல வந்து நிக்குது, வேணும்ங்கிறவ எந்த வாசல்ல போய் நிக்கிறதுக்கா? உள்ள வந்து அடுப்படியில உக்காந்து அழுதேன். நீதான் என் தலையில குட்டி, "பைத்தியம், சிவப்புன்னா பிள்ளை தங்குற நாள்னுதானே சொன்னாங்க? எனக்கு ஆகாத நாளு உனக்கு ஆகற நாளு. உனக்கும் ஒரு சரம் கோத்துட்டாப் போச்சு"ன்னே. கடைத்தெருவுல கண்ணாடி மணி வாங்கி அதே மாதிரி எனக்கு நீயே கோத்துக் குடுத்தே. ஒருத்தி வேணாம்னு, ஒருத்தி வேணும்னு, ரெண்டு பேரும் விளக்கு வெச்சதும் மணி தள்ளினோம். இந்தக் கூத்து எந்த ஊர்லயாவது நடந்திருக்குமா?

வெளிய வெச்சா வர்றவங்க கேப்பாங்க, பிள்ளைங்க எடுத்து விளையாடுவாங்கன்னு நீ ரெண்டு சரத்தையும் சாமி மாடத்துல, முருகன் படத்துக்குக் கீழ இருந்த ஆணில மாட்டிட்டே. ஜபமாலை மாதிரி இருந்துச்சு. அத்தைகூட, மருமகளுங்களுக்குப் பக்தி வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டாங்க. நாம ரெண்டு பேரும் முந்தானையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

அந்த ஆணிதான் நம்மளைக் கெடுத்தது.

வீட்டுக்கு ஆகாத நாள்ல கொல்லைப்புற ஓரத்துல, தனிப் பாய், தனித் தட்டோட உக்காருவோம். ஒருத்தி உக்காந்தா இன்னொருத்தி சமைப்பா. அப்படி இருக்கிறப்போ சாமி ஆணியைத் தொட முடியுமா? தலைக்கு ஊத்திக்கிட்டு, மஞ்சள் பூசிக்கிட்டு, விளக்கேத்தினப்புறம்தான் முதல் மணியைத் தள்ளினோம். "நான் வேணா உனக்குத் தள்ளிவிடட்டுமா?"ன்னு கேட்டேன். "எதுக்குடி? தள்ளி உக்காந்திருக்கிற நாளுக்கு என்ன கணக்கு? அவரே கிட்ட வரப் போறதில்லை. தலைக்கு ஊத்தினாத்தானே எல்லாமே ஆரம்பம்?"ன்னே. நியாயமாத்தான் பட்டுச்சு. நம்ம வீட்டுல எது ஆரம்பிச்சாலும் அப்படித்தானே ஆரம்பிப்போம்?

மாமாவையும் சொல்லணும். சிவப்பு மணி வந்தா நீ ஒண்ணும் பேச மாட்டே, அவர் தட்டுல ஒரு சிவப்பு மிளகாய் வெப்பே. அவர் பாத்துட்டு, பாயைத் தூக்கிக்கிட்டு முன்ரூமுக்குப் போயிடுவார். ஒரு நாள்கூட மீறினதில்லை. எல்லாரும் ஒழுங்காத்தான்க்கா இருந்தோம். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒரு காலையில மோர் வாசனைக்கே உனக்குக் குமட்டிச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். "பச்சையிலதான்டி இருந்துச்சு"ன்னே. அப்புறம் எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடற உன் வழக்கத்தை மாத்தணும்னு நான் எவ்வளவு கத்தினேன்? ரேஷன் அரிசியில கடைசிக் கைப்பிடியை மட்டும் அள்ளினா எப்படி ரத்தம் ஊறும்னு டாக்டரம்மாவும் கேட்டாங்க. நீ கேட்டியா? "பிள்ளைங்க பசி தாங்காதுடி"ன்னே. வலி எடுத்ததும் ஜட்கா பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். அவங்களும் பாடுபட்டாங்க. பொண்ணு வந்தா. மறுநாள் நீ போயிட்டே.

எல்லாம் முடிஞ்சு, பிள்ளையை நான் புட்டிப்பால்ல தேத்திக்கிட்டிருந்தப்போ அந்தக் குடைக்காரம்மா திரும்ப வந்தாங்க. தனம் எங்கேன்னாங்க. சாமி மாடத்துல மாலை போட்டிருந்த உன் போட்டோவைக் காட்டினேன். அதுக்குப் பக்கத்துல மணிச்சரம் தொங்கிக்கிட்டிருந்துச்சு. "ஒரு நாள் விடாம தள்ளினாளே அம்மா, தலைக்கு ஊத்தின நாள்ல இருந்து"ன்னு நான் உனக்கு வக்காலத்து வாங்கினேன். அவங்க அப்படியே தலையில கை வெச்சு உக்காந்துட்டாங்க. "அய்யோ தாயி! ரத்தம் கண்ட முதல் நாள்ல இருந்து எண்ணணும் அல்லவா? மூணு நாள் தள்ளிப் போச்சே, பச்சைன்னு இருந்தது சிவப்பு நாளே!"ன்னாங்க.

எனக்கு வந்த ஆத்திரத்துல கேட்டுட்டேன். "நீங்க அந்த மூணு நாள் உங்க வீட்டுல எங்கம்மா உக்காருவீங்க?"ன்னேன்.

"பின்கட்டுலதான்"னாங்க. "எதையாவது தொடுவீங்களா?"ன்னேன். "இல்லை. எனக்கே இது தோணலையே. ஆபீஸ்லயும் யாரும் கேக்கலை"ன்னு சொல்லிட்டு, உன் பொண்ணை மடியில வாங்கி வெச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்க மேல இருந்த கோபம் அங்கேயே விட்டுப் போச்சு. போறப்போ, "சரியா எண்ணினாலும் இது சில பேரைக் கைவிடும்மா. மேலதிகாரிங்களே இதை நிறுத்திடலாம்ங்கிறாங்க"ன்னும் சொன்னாங்க. அதைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

என் கதையும் கேளு. எனக்கு மணி தப்பினதாலதான் பிள்ளை இல்லைன்னு சொல்ல மாட்டேன். டாக்டரம்மா என்னைச் சோதிச்சுட்டு, குறை உங்கிட்ட இல்லை, உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வான்னாங்க. அவரும் வரலை. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி வாசப்படி மட்டும் அவ்வளவு உயரம். போகட்டும், எனக்குத்தான் வசந்தா கிடைச்சாளே. இதைச் சொல்றப்பல்லாம் உனக்கு முன்னாடி தலை குனியற மாதிரி இருக்கும். உன்னைக் குடுத்து எவ வாங்கிக்குவா இந்தப் பாக்கியத்தை?

ஊர் நிலவரம் சொல்லட்டுமா? இப்ப டெல்லில ஒரு பொம்பளைதான் பிரதம மந்திரி, தெரியுமா உனக்கு? அரிசிக்கு இன்னும் க்யூதான். மணிச்சரம் எல்லாம் போயே போச்சு. இப்ப லூப்புன்னு ஒண்ணு, பிள்ளை தங்காம இருக்க உள்ளே வைக்கிறது. நாலு வீடு தள்ளி இருக்கிற மேரி வெச்சுக்கிட்டா. வைக்கிறதுக்குக் கூட்டிட்டுப் போக கவர்மெண்ட் ஜீப் வந்துச்சு. அப்புறம் அவளுக்கு நிக்காம ரத்தம் போனப்போ என்ன ஏதுன்னு கேக்க ஜீப் வரலை. நான்தான் கூட்டிட்டுப் போய், டாக்டரைப் பாக்காம நகர மாட்டேன்னு சண்டை போட்டேன். என் வாய் நீளம்னு சொல்லுவியே, அது இப்ப நாலு பேருக்கு உதவுது.

மாமா வேற கல்யாணம் பண்ணிக்கலை. பேக்டரில இப்ப ஆம்பளைங்க ஆபரேஷனுக்கு லீவெல்லாம் தர்றாங்களாம். பொடிப்பசங்க பயந்தா, "போடா, போய்ப் பண்ணிக்கோ. நான் பண்ணியிருந்தா என் பொண்டாட்டி இன்னைக்கு எனக்குச் சோறு போட்டிருப்பா"ன்னு மிஷினை நிறுத்திட்டே சொல்றாராம். நேத்து சாயங்காலம் உன் தம்பி சிவாஜிநகர்ல இருந்து சைக்கிள்ல தென்னை ஓலை கட்டிக்கிட்டு வந்தான், தாய்மாமன் குச்சு கட்டணும்ல? கட்டிக்கிட்டே, "மாப்பிள்ளையை வெளிய தேட வேணாம் மாமா, என் பையன் இருக்கான். ரெண்டு வருஷத்துல முடிச்சுடலாம்"னான். மாமா சட்டுன்னு, "அவ அம்மாவுக்கும் இந்த வயசுலதான்டா முடிச்சீங்க. படிச்சு முடிக்கட்டும்"னுட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ராத்திரி முட்டை ஆப்பம் சுட்டுப் போட்டேன்.

குச்சு கட்டி முடிஞ்சதுமே விளக்கு வெச்சேன். ஓலைக்குப் பின்னாடி, தனிப் பாயில முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா உன் பொண்ணு. மத்தியானத்துல இருந்து அவகிட்ட எல்லாரும் சொன்னது ரெண்டே ரெண்டு சங்கதி. இதைத் தொடாதே, அங்க போகாதே. செத்துப் போயிடுவேனான்னு கேட்டவளுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை. உன்னையும் இப்படித்தானே உக்கார வெச்சாங்க? என்னையும்தானே?

நேராப் போய் சாமி ஆணில இருந்து உன் மணிச்சரத்தை எடுத்தேன். அத்தைக்குக் கண்ணு மங்கினாலும் காது கூர்மை. மணிச் சத்தம் கேட்டதும், "ஏய் சகுந்தலா, சாமிகிட்ட இருந்ததை எடுத்துக்கிட்டு எங்கடி போறே, தீட்டு வீட்டுக்குள்ள?"ன்னு கத்தினாங்க. "சாமிக்குத் தெரியாத ரத்தமா அத்தை?"ன்னுட்டு, ஓலையை விலக்கிக்கிட்டு உள்ள போய் அவ பாயிலயே உக்காந்துட்டேன்.

கையில வெக்கப் போனேன். அவ கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டா. "தொடலாமா சின்னம்மா?"

"இன்னைக்குத்தான்டி தொடணும்"னேன். அவ கையைப் பிடிச்சு இழுத்து, முதல் மணியைத் தள்ள வெச்சேன்.

மணியை நம்பிக்கோன்னு நான் சொல்லலைக்கா. உன் உடம்பு உனக்குத் தெரியணும்னு சொன்னேன். இந்த ரத்தம் எங்கே இருந்து வருது, பிள்ளை எப்படித் தங்குது, வேணும்னா என்ன, வேணாம்னா என்ன, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்றேன்னேன். அவ அம்மா எப்படிப் போனான்னு மட்டும் நேத்தே சொல்லிட்டேன். அழுதா. அப்புறம், "அம்மா தப்பு பண்ணலையே சின்னம்மா, யாருமே சொல்லலையே"ன்னா. இத்தனை வருஷம் என் தொண்டையில கிடந்ததை அந்தக் குட்டி ஒரே மூச்சுல சொல்லிட்டா.

உனக்கு என் வாக்கு, அக்கா. ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி, அவ உடம்பைப் பத்தி அவ என் வாயால கேட்டிருப்பா. சாப்பாட்டுல அவ கடைசியா உக்கார மாட்டா. கட்டிக்கப் போறவன் ஆஸ்பத்திரி வாசப்படி ஏறுவானான்னு கேட்டுட்டுத்தான் தாம்பூலம் மாத்துவேன். மணிச்சரம் இனி சாமி ஆணிக்குப் போகாது, அவ தலைமாட்டுலதான் இருக்கும்.

உன் பின்னாலேயே இந்த வீட்டுக்கு மருமகளா வந்து, உன் மகளுக்குத் தாயா நிக்கிற,
உன் சின்னவ,
சகுந்தலா