ஐந்தாவது பெயர்

பெங்களூர்
9-7-1956

பிரியமுள்ள கோமளத்துக்கு,

இங்கே நான் சௌக்கியம், உன் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று நான் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. இங்கிலாந்தில் தபால்காரர்கள் வேலைநிறுத்தமா, அல்லது நீதான் வேலைநிறுத்தமா?

கல்லூரி திறந்து ஒரு வாரம் ஆயிற்று. ஒரு கோடை முழுக்க நாம் இருவரும் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதிக் கொடுத்தோமே, அந்தக் கெமிஸ்ட்ரி ஆனர்ஸின் முதல் வகுப்பு இரண்டாம் வருஷத்துக்கு வந்துவிட்டது. மொத்தம் ஒன்பது பேர். அவர்களுக்கு ஒழுங்காக எடை காட்டும் தராசு மூன்று. காஸ் பிளாண்ட் ஏப்ரலிலேயே படுத்துவிட்டது, எல்லாவற்றையும் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுகிறோம். ஸ்டோர் கீப்பர் கோவிந்தப்பாவிடம் எதைக் கேட்டாலும் "நோடோண மேடம்" என்கிறார். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கமாட்டேன் என்றும் அர்த்தம் என்பது உனக்கு மறந்திருக்காது.

உன் இடத்தில் பாடம் எடுக்கும் தற்காலிக லெக்சரர் தியோடரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இப்போது மறுபடி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக நடத்துகிறார். உன்னைவிட நன்றாக என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை.

ஆனர்ஸுக்குப் பல்கலைக்கழகம் இன்னும் முழு அங்கீகாரம் கொடுக்கவில்லை. ஒரு குழு வந்து பார்க்குமாம். அதுவரை புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாதாம். கெமிஸ்ட்ரியில் நிரந்தர ஆசிரியர்கள் ஐந்து பேர் இருந்தால்தான் வகுப்பு நடக்கும், தற்காலிகக்காரர்கள் கணக்கில் வரமாட்டார்கள். நாங்கள் நான்கு பேர், உன்னோடு ஐந்து. செப்டம்பரில் உன் படிப்பு லீவு முடிகிறது. எந்தக் கப்பல், என்றைக்கு என்று எழுது.

உன்
அனந்தா

லீட்ஸ்
1-8-1956

என் அனந்தாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதத் தைரியம் வரவில்லை.

என் ஆராய்ச்சி முடியவில்லை, அனந்தா. இன்னும் பல மாதம் ஆகும் என்கிறார் புரொபசர். இங்கே எனக்கென்று ஒரு தராசு இருக்கிறது. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. காலையில் கேட்ட ரசாயனம் மறுநாள் மேஜைக்கு வந்துவிடுகிறது. சந்தோஷமாக இருக்கிறேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

ஒன்று யோசித்தேன். நான் லீவில் இருக்கும்வரை அந்த இடத்தில் வேறு யாரையும் நிரந்தரமாகப் போட முடியாது. நான் ராஜினாமா அனுப்பிவிட்டால் இடம் காலியாகும், தியோடரைப் போட்டுவிடலாம். நீங்கள் ஐந்து பேர் ஆகிவிடுவீர்கள். திரும்பி வந்தால் எனக்கு வேறு எங்காவது கிடைக்காமலா போகும்? மனசில் இருப்பதை ஒளிக்காமல் எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்
கோமளம்

பெங்களூர்
14-8-1956

அடி கோமளம்,

ராஜினாமாவாம், ராஜினாமா! அந்த வார்த்தையை இன்னொரு தரம் எழுதினால் கப்பலேறி வந்து உன் காதைத் திருகுவேன்.

கடிதம் கிடைத்த அன்றே நம் துறைத் தலைவரிடம் போனேன். சீனிவாசராகவன் சார் வழக்கம்போல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ நிஜமா வருவாளாம்மா?" என்று கேட்டார். "அவ வராம வேற யார் சார் வருவா?" என்றேன். அடுத்த ஜூன் முப்பது வரை உன் லீவை நீட்டிக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். குழு எப்படியும் அதற்குள் வந்துவிட்டுப் போய்விடும். ஜூலையில் சேரப்போகிறாய் என்று எழுதினால் ஒப்புக்கொள்வார்கள்.

தியோடர் நல்லவர்தான். அதற்காக உன் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? வாரத்துக்கு இருபத்தாறு மணி நேரம் நான் இந்த லாபில் நிற்கிறேன். புகைக்கூண்டில் விசிறி கிடையாது, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அழுகின முட்டை வாசனை அடிக்கிறது என்று என் தம்பி பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். நீ வந்து பக்கத்தில் நிற்பாய் என்றுதான் இத்தனையும். உன் இடத்தில் இன்னொருவர் நிரந்தரமாகிவிட்டால் நான் எதற்காக நிற்பது? இது நியாயமா என்று கேட்காதே. இல்லை என்று எனக்கே தெரியும்.

உன்
அனந்தா

லீட்ஸ்
9-12-1956

என் அனந்தாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். புரொபசர் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீஸிஸ் முடிந்தது, வாய்மொழித் தேர்வும் ஆயிற்று. டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் நடந்துபோகிறேன்.

தேதி கேட்டு இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். சூயஸ் கால்வாய் மூடிக் கிடக்கிறது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகின்றன, டிக்கெட்டுக்கு அடிதடியாம். கொஞ்சம் அடங்கட்டும். ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், நல்ல ஃபில்டர் பேப்பர் பத்துப் பெட்டியும் பிளாட்டினக் கம்பி இரண்டும். கோவிந்தப்பாவிடம் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். நேரே பிள்ளைகள் கையில் கொடு.

உன்னை நினைக்காத நாள் இல்லை. இது மட்டும் சத்தியம்.

அன்புடன்
கோமளம்

பெங்களூர்
20-1-1957

பிரியமுள்ள கோமளத்துக்கு,

பார்சல் வந்தது. பிள்ளைகள் அந்த ஃபில்டர் பேப்பரைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள், உபயோகிக்க மனசு வரவில்லை.

குழு பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி வருகிறது. நிரந்தர ஆசிரியர் பட்டியலை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார் சார். நாலு பெயர் எழுதிவிட்டேன். ஐந்தாவதற்கு வந்து நிற்கிறேன்.

நேற்று தியோடர் வந்தார். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி அவரைக் கூப்பிட்டிருக்கிறது. "எனக்குப் போக இஷ்டமில்லீங்க மேடம். இந்த ஒம்பது பேரையும் கடைசி பரீட்சை வரைக்கும் கொண்டுபோய் விட்டுடணும்னு இருக்குது. ஆனா வருசா வருசம் மார்ச்சு வந்தா எந்திரிச்சிப் போன்னா, நான் வீட்டுல என்னா சொல்றது? அவங்க வர்றாங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்டில் நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அது என் சுயநலம். வருகிறாய் என்றால் உன் பெயரை எழுதுகிறேன். வரவில்லை என்றால் உடனே ராஜினாமா அனுப்பு. குழு வருவதற்குள் தியோடருக்கு நிரந்தர ஆர்டர் வாங்கிவிடலாம் என்கிறார் சார். அவர் பெயரை எழுதுகிறேன். இரண்டில் எது என்றாலும் ஒன்பது பேரும் பிழைத்துக்கொள்வார்கள். எதுவும் இல்லை என்றால்தான் வகுப்பு போய்விடும். கடிதம் வேண்டாம், கேபிள் அடி.

உன்
அனந்தா

கேபிள்
லீட்ஸ், 30-1-1957

ஜூலையில் நிச்சயம் வருகிறேன். பெயரை எழுது.
கோமளம்

பெங்களூர்
23-2-1957

கோமளம்,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உன் கேபிளைத் தியோடரிடம் காட்டினேன். "ரொம்ப சந்தோசம் மேடம்" என்றார். அந்த வாரமே பம்பாய்க்குப் போய்விட்டார். பட்டியலில் ஐந்தாவதாக உன் பெயரை எழுதினேன். 'லீட்ஸில் டாக்டர் பட்டம் பெற்றவர், ஜூலை முதல் தேதி வேலைக்குத் திரும்புகிறார்' என்று பக்கத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

குழு வருகிறதே என்று வேறொரு கல்லூரியிலிருந்து ஆறு தராசு இரவல் வாங்கினோம். ஜட்கா வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்ததில் ஒன்றின் முள்கூட நேரே நிற்கவில்லை. கோவிந்தப்பா கண்ணாடிகளைத் துடைத்து, பொட்டு வைக்காத குறையாக வரிசையில் நிறுத்தினார். குழு அந்தப் பக்கமே வரவில்லை. உட்கார்ந்ததும் பட்டியலைத்தான் கேட்டார்கள்.

மூவரில் ஒருவர் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி புரொபசர். உன் பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. போன மாதம் இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு சாயக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் உன்னைப் பார்த்தாராம், சேர்ந்து சாப்பிட்டாராம். புடவைமேல் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நம் நாட்டுப் பெண் ஒருத்தி அங்கே நிற்பது பெருமையாக இருந்ததாம். மூன்று வருஷ ஒப்பந்தம் என்று நீயே சொன்னாயாம். இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் நான் பக்கத்தில் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். மீதி நாலு பேராவது இந்த ஊரில் இருக்கிறார்களா என்று குழுவின் தலைவர் இங்கிலீஷில் கேட்டார். சீனிவாசராகவன் சார் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர் வேறு யாரையோ பார்த்திருப்பார் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ சொல். அது உண்மையா?

அனந்தா

லீட்ஸ்
6-3-1957

என் அனந்தாவுக்கு,

உண்மைதான். நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் நீ ராஜினாமா எழுது என்று சொல்லியிருந்தால் அன்றே எழுதியிருப்பேன். நீ எனக்காகச் சண்டை போட்டு லீவு வாங்கினாய். அதற்குமேல் வரமாட்டேன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிவிடலாம் என்று உட்காருவேன், வேறு எதையாவது எழுதி ஒட்டிவிடுவேன்.

நம்பினால் நம்பு, கேபிள் கொடுத்த அன்று வரத்தான் நினைத்தேன். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தபாலாபீஸுக்குப் போனேன். மறுநாள் காலை லாபுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது, அந்த ஸ்பிரிட் விளக்குக்குத் திரும்ப என்னால் முடியாது. உடனே இன்னொரு கேபிள் கொடுத்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். குழு காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இத்துடன் ராஜினாமா வைத்திருக்கிறேன். தியோடரைத் திரும்பக் கூப்பிடு. திட்டியாவது எனக்கு ஒரு வரி எழுது.

கோமளம்

பெங்களூர்
8-7-1957

கோமளம்,

உன் ராஜினாமாவை வந்த அன்றே ஆபீஸில் கொடுத்தேன். போன வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனர்ஸை மூடும்படி பல்கலைக்கழகம் எழுதிவிட்டது, அதோடு உன் இடத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். இல்லாத இடத்திலிருந்து விலக முடியாது என்று ஹெட் கிளார்க் விளக்கினார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தியோடருக்கும் எழுதிப் பார்த்தேன். மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார், வரமாட்டார்.

ஒன்பது பேரையும் கூப்பிட்டு நான்தான் சொன்னேன். சார் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார். அவர்கள் இனி சாதாரண டிகிரிக்கான பாஸ் வகுப்பில், தங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களோடு உட்கார வேண்டும். இரண்டு பேர் அன்றே படிப்பை நிறுத்திக்கொண்டார்கள். தொம்மலூரிலிருந்து வரும் சரசு எழுந்து நின்றாள். கட்டட மேஸ்திரியின் மகள், அவள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் அவள் ஒருத்திதான். "அப்போ நாங்க ரெண்டு வருசம் படிச்சோமே, அதுக்கு என்னா பேரு மேடம்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் விசாரிப்பது?

உன்னை மட்டும் திட்டித் தீர்த்துவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் ஆகஸ்டில் நீ கேட்டாய், நான்தான் கூடாது என்றேன். அந்த ஒன்பது பேரைவிட எனக்கு நீ பெரிதாக இருந்தாய். ஜனவரியில் மறுபடி உன்னைக் கேட்டேன், நீ பொய் சொன்னாய். வரமாட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தியோடரின் பெயரை எழுதியிருப்பேன்.

நாளையிலிருந்து பாஸ் வகுப்பில் எனக்கு மூன்று பிரிவு. எனக்கு எதற்கும் மனசில்லை. ஆனாலும் போவேன், போகாமல் என்ன செய்வது?

இனி உன் கடிதங்களைப் பிரிக்கமாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய்யாகிவிடும். வந்தால் பிரிப்பேன், இரண்டு தரம் படிப்பேன். பதில் எழுதமாட்டேன்.

அனந்தலக்ஷ்மி