அண்ணன் ரெண்டு தட்டு சாப்பிட்டாராம்

மாதேசு, என் தம்பி,

நல்லா இருக்கியா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் என் ஃபோனில் உன் பெயரை அழிக்கவில்லை. போன வாரம் விரல் தவறிப் பட்டு உன் நம்பருக்கு அழைப்பு போய்விட்டது. யாரோ ஒரு பெண் எடுத்தாள். நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் போல. "யாருங்க?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் உன் கடைக்குப் போயிருந்தேன். அங்கே சாப்பிட்டேன்.

ஒன்பது வருஷம் நீ பெங்களூரில் அந்த பப்பில் சமைத்தாய். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். தக்காளி ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்கு நான் எத்தனை தடவை வந்திருப்பேன்? ஒரு தடவைகூட உன் கடைப் பக்கம் வரவில்லை. குடிக்கிற இடத்தில் என் தம்பி கரண்டி பிடிக்கிறான் என்கிற நினைப்பே எனக்கு ஆகாது. அது உனக்கும் தெரியும்.

அந்த நாளை நான் எழுதித்தான் ஆக வேண்டும். காரிமங்கலத்திலிருந்து உனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் நம் வூட்டுக்கு வந்த நாள். விருந்தெல்லாம் உன் அண்ணி சமைத்துவிட்டாள். நீ அதிகாலையிலேயே எழுந்து ஆட்டுக்கறியைக் கொத்தி, வெங்காயத்தோடு வதக்கி, மேலே உருளைக்கிழங்கை மசித்துப் பரப்பி, முள்கரண்டியால் வரி வரியாகக் கோடு இழுத்தாய். நம் வூட்டில் அதற்கான அடுப்பு இல்லையென்று பேக்கரிக்காரரிடம் கெஞ்சி, அவர் அடுப்பில் வைத்துச் சிவக்க எடுத்துவந்தாய்.

"என்னடா இது?" என்றேன்.

"ஷெப்பர்ட்ஸ் பை அண்ணா. ஆடு மேய்க்கறவங்க சாப்பாடு. அங்கயும் நம்மளாட்டம் காட்டு வேல செய்யறவங்க இருக்காங்க இல்ல, அவங்க வூட்டுச் சாப்பாடு. எங்க கடையில இதுக்குத்தான் கூட்டம். ஒரு வாய் சாப்புட்டுப் பாரு."

பெண்ணின் மாமா தட்டைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க, கொழந்தைக்கு ஊட்டறாப்ல இருக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு முன்னால் நீ வைத்த தட்டை எடுத்துப்போய் வாசலில் நாய்க்குக் கொட்டினேன். "இத இது திங்கட்டும். நமக்குச் சோறு போடு" என்றேன்.

நாய் தின்றது. திரும்பவும் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

மற்றவர்கள் சிரித்தது எனக்கு மறந்துவிட்டது. உன் சிரிப்பு போகவில்லை. தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருப்பேன், பக்கத்துச் சாலில் நீ நின்று அதே மாதிரி சிரிக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் இல்லை என்று தெரிந்துவிடும் இல்லையா?

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போனவன்தான். அந்தச் சம்பந்தமும் நின்றுபோனது. ஒன்றரை வருஷம் நீ ஊருக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. மூன்று நாள் டெங்குக் காய்ச்சல். நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

போன மாதம் உன் கடைக்காரம்மா கூப்பிட்டார். டாப்னி அம்மா. பெங்களூரிலேயே பிறந்து, லண்டனில் பாதி வயசைக் கழித்துவிட்டு வந்து கடை போட்டவர் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மாதேஷோட பெட்டி இங்கயே இருக்கு. அனுப்பிட எனக்கு மனசு வரல. சண்டே லஞ்சுக்கு வாங்க. சாப்பிட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

போனேன். சாராயக்கடை மாதிரி இருக்கும், வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனேன். தெருவுக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு. அந்தத் தெருக்காரர்கள்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டையா பேப்பர் படித்தபடி ஒரு கிளாஸ் பீரை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருந்தது. கருப்புப் பலகையில் அன்றைய சாப்பாட்டைச் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். எந்த மேசையிலும் சத்தம் இல்லை. இதற்கா நான் ஒன்பது வருஷம் பயந்தேன்?

சமையல்கட்டுக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுவதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறதே, அதில் ஒருவரின் முதுகு தெரிந்தது. வலது தோளில் துண்டு. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். "மாதேசு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பினார். நாற்பது வயசுக்காரர், வேறு முகம். உன்னோடு ஆறு வருஷம் வேலை செய்த புட்டராஜு. உன்னைப் பார்த்துப் பார்த்துத் துண்டு போடுவதும் கழுத்தைச் சாய்ப்பதும் அவருக்கும் ஒட்டிக்கொண்டதாம்.

டாப்னி அம்மா என்னை ஜன்னலோர மேசையில் உட்கார வைத்தார். அவரே கையில் தட்டை ஏந்தி வந்தார்.

"உங்களுக்குப் புடிச்சதுதான். மாதேஷ் சொல்லியிருக்கான்."

தட்டில் அதே பண்டம். அதே வரிகள்.

"ஊருக்குப் போயிட்டு வந்தப்போ அவனுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? 'எங்கண்ணன் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு மேடம், மூணாவது கேட்டாரு, நாந்தான் கல்யாணப் பேச்சுக்கு வந்தவங்களுக்கு இல்லாமப் போயிடும்னு குடுக்கல'ன்னு சொன்னான். கிச்சன்ல எல்லார்கிட்டயும் சொன்னான். அந்த ஒரு வாரமும் அதே பேச்சுதான்."

தம்பி, நீ ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, அப்படி ஒரு அண்ணன் உனக்கு வேண்டியிருந்ததா? ஒரு வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி நீயே நம்பிவிட்டாயா?

நான் ஒரு வாய் எடுத்தேன். புட்டராஜு கையைத் துண்டில் துடைத்தபடி என் முன்னால் வந்து நின்றார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"மாதேஷ் கை ருசி பந்திதெயா, அண்ணா?" என்று புட்டராஜு கேட்டார். உன் கைருசி வந்திருக்கிறதா என்று. "நீவே ஹேளபேகு" என்றார். நீங்கள்தான் சொல்ல வேண்டுமாம். ஏனென்றால் உன் சொந்த வூட்டில், உன் கையால், வயிறு நிறையச் சாப்பிட்டவன் நான்தானாம்.

அவர்கள் எல்லோரும் உன் சமையலைத் தின்றவர்கள். நான் ஒருவன்தான் தின்னாதவன். என்னிடம் வந்து கேட்கிறார்கள். ருசியாக இருந்தது மாதேசு. மிளகுக் காரமும் வெங்காயத்தின் தித்திப்பும் கறியோடு சேர்ந்து, மேலே வெண்ணெய் வாசம். ஆனால் அது உன் ருசியா? எனக்கு எப்படித் தெரியும்? இனிமேல் நான் யாரிடம் போய்த் தெரிந்துகொள்வேன்?

"அதே ருசி" என்றேன். கன்னடத்திலும் அது அதே வார்த்தைதான். புட்டராஜு இரண்டு கையையும் கூப்பினார்.

தட்டைக் காலி செய்தேன். இன்னொன்று கேட்டேன். அதையும் காலி செய்தேன். தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினேன். பிறகு தட்டை நீட்டி, "இன்னொன்னு கெடைக்குமாங்க?" என்றேன்.

டாப்னி அம்மா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா புட்டராஜு, அவன் சொன்னான்ல?"

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் எல்லோரும் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை அவர்.

உன் பெட்டியோடு வூட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊறப்போட்ட ராகியை அலசிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நான் சாப்புட்டேங்க" என்றாள். "அன்னைக்கு உள்ள கொஞ்சம் மீதி இருந்துது. உங்க தம்பி மொகத்தப் பாக்க முடியல. அவரு பாக்கறப்பவே எடுத்துச் சாப்புட்டேன். உங்களுக்குப் பயந்துகிட்டுத்தான் இத்தன நாளு சொல்லல."

"எப்புடி இருந்துது?"

ராகித் தண்ணீரை வடித்தாள். "அத எப்புடிங்க வாயால சொல்றது? நல்லா இருந்துது."

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் மறுபடி மறுபடி கேட்கிறேன். நேற்றுகூடக் கேட்டேன்.

இன்னொன்றும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போனபோது ஊரெல்லாம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உன் பெயருக்குக் கீழே "தனியார் நிறுவன மேலாளர், பெங்களூர்" என்று போட்டிருந்தார்கள். போடச் சொன்னது நான். உன் படத்துக்குக் கீழேயே பொய்யை ஒட்டி, அதற்கு மாலையும் போட்டேன்.

அடுத்த மாதம் உனக்கு வருஷம் வருகிறது. நேற்று அச்சுக்கடைக்குப் போனேன். "பழைய மேட்டரே இருக்குதுங்க, தேதிய மட்டும் மாத்திடலாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். புதிதாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சமையல்காரர்னே போட்டுடலாங்களா?" என்றார். "ஆமாங்க. பெருசா போடுங்க" என்றேன்.

பெங்களூரில் உன் ஆட்களிடம் நீ சொன்ன அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ கட்டியதை நான் இடிக்க மாட்டேன். ஆனால் இங்கே, நான் தட்டைக் கொட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஊரில், கேட்கிற ஒவ்வொருவரிடமும் நடந்ததை நடந்தபடி சொல்வேன். என் தம்பி சமையல்காரன், பப்பில் சமைத்தான், அவன் வைத்ததை நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று. முதலில் அந்தப் பெண் வூட்டார் இருக்கிற காரிமங்கலத்துக்குத்தான் போகப் போகிறேன்.

உன் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடாத
உன் அண்ணன்,
சின்னசாமி