முதல் ஓலை

மலை முகாம்,
வியாழக்கிழமை.

ஷெரின் அப்பாவுக்கு அனிட்டா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். வழக்கமாக முதலில் வரும் ‘அன்புள்ள’ இன்று வரவில்லை. நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எப்போதும்போல ஷெரினைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் சாகவில்லை. தங்கச்சிமடத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இந்தக் குளிர் ஆகவில்லை, அவ்வளவுதான். ஒரே கூடத்தில் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிறோம். சமையல் முறை வைத்து நடக்கிறது. மீன் கிடையாது. உங்கள் அக்கா யாகப்பம்மாள் ஊறுகாய் பாட்டிலில் நெத்திலிக் கருவாட்டை அடைத்துக் கொண்டுவந்து, ராத்திரி போர்வைக்குள் வைத்துத் தின்று, கூடம் முழுவதையும் நாறடித்துவிட்டார். முகாம் நடத்துகிறவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள்.

குடும்ப முகாம், இரண்டு பேரும் போவோம் என்று பெயர் கொடுத்தது நீங்கள். பஸ் புறப்படும்போது வலை கிழிந்துகிடக்கிறது, தைக்க வேண்டும் என்று சொல்லி உங்களுக்குப் பதிலாக அக்காவை ஏற்றிவிட்டதும் நீங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும்போது கிழிந்த வலைக்கு என்ன அவசரம் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கணவன் இப்போதாவது ஒரு வாரம் நம்மோடு இருப்பான் என்று நினைத்த மடச்சிக்கு அது தோன்றவில்லை.

இங்கே மாலை ஜெபத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை உங்கள் அக்காவின் முறை வந்தது. ஆண்டவர் முன்னால் மறைத்துப் பேசத் தெரியாத மனுஷி. கண்ணை மூடிக்கொண்டு, வர்ற ஞாயிறு எங்க ஷெரினுக்கு மொத ஓலை வாசிக்கிறாக, ஒரு தடையும் வராம காத்தருளும் ஆண்டவரே என்று வேண்டினார். எல்லோரும் கேட்டருளும் என்றார்கள். பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. என் மகளின் கல்யாண அறிவிப்பு ஓலை கோயிலில் வாசிக்கப்படப் போகிறது என்பதை நான் ஐம்பது பேரோடு சேர்ந்து தெரிந்துகொண்டேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதலில் அழுதார், பிறகு கொட்டினார். மாப்பிள்ளை ஆன்டனி ராஜின் மகன். நீங்கள் டிரைவராக இருக்கும் விசைப்படகின் முதலாளி அவர்; அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டால் உங்களுக்கு முதுகு வளையும், எனக்குத் தெரியும். ஷெரின் நர்சிங் முடிக்கட்டும் என்று, பேச்சு வந்த ஈஸ்டர் அன்றே நான் சொன்னேன். நீ மலையில இருந்தாத்தான் காரியம் நடக்கும்னு தம்பி சொன்னான், ஒருக்கா ஓலை வாசிச்சிட்டா ஊர் வாய்க்குப் பயந்து நீ அடங்கிருவேன்னான் என்றார் அக்கா. இருபது வருஷம் கூட இருந்தும் என்னை இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது உங்களுக்கு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஷெரின் எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டேன். அம்மாவுக்குச் சம்மதம்னு தம்பி சொல்லவும் அந்தப் புள்ள தலையாட்டிருச்சு, பாதர்கிட்டயும் சரின்னு சொல்லிருச்சு என்றார். நீங்கள் என் வாயைத் திருடி என் பிள்ளையிடம் பேசியிருக்கிறீர்கள். இதை நான் மன்னிப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முகாமில் வாங்கிப் பூட்டிவைத்த செல்போனைச் சண்டை போட்டு வாங்கிக் கூப்பிட்டேன். ஷெரின் போனை நீங்கள்தான் எடுத்தீர்கள். குளிக்கிறாள் என்றீர்கள். மத்தியானமும் குளித்தாள், சாயங்காலமும் குளித்தாள். நம் தெருக் குழாயில் அவ்வளவு தண்ணீர் எப்போது வந்தது?

முகாமுக்கு வந்த நம் தெருச் சந்தனத்துக்குக் குளிரில் நெஞ்சு கட்டிக்கொண்டது. இன்று காய்கறி வேனில் இறங்குகிறாள். அதில் இருப்பது ஒரே இடம், மூச்சு விட முடியாதவளை இறக்கிவிட்டு நான் ஏற முடியாது. இந்தக் கடிதத்தை ஷெரின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஷெரின், அப்பா நிறுத்தச் சொல்லியிருப்பார். நிறுத்தாதே. காகிதத்தைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், நீ தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டாயிற்று. நான் சம்மதம் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

அந்தப் பையன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. உனக்கே பிடித்திருந்தால் நான் முன்னால் நின்று நடத்துவேன். எனக்காகத் தலையாட்டியிருந்தால், இன்றைக்கே பாதரிடம் போய்ச் சொல். பயமாக இருந்தால் சந்தனத்தைக் கூட்டிக்கொண்டு போ. அதுவும் முடியாவிட்டால் ஞாயிறு முதல் பூசைக்கு வா. அடுத்த வேன் சனிக்கிழமைதான்; அதில் இறங்கி, எந்தப் பஸ்ஸிலாவது தொங்கிக்கொண்டாவது வந்து பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருப்பேன். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் வாசிக்கும்போது என்னைத் திரும்பிப் பார். நீ பார்த்தால் எழுந்து நிற்பேன், ஊர் என்ன சொன்னாலும் சரி. பார்க்காவிட்டால் அது உன் இஷ்டம் என்று முழங்காலில் இருந்து உனக்காக ஜெபிப்பேன்.

அந்தோணியார் உனக்குத் துணை இருக்கட்டும். இனி யாருக்காகவும் தலையாட்டாதே மகளே, எனக்காகவும்தான்.

அன்புள்ள அம்மா,
அனிட்டா