இடது பின்சக்கரத்தின் உள்பக்கம்

இன்று காலை பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. காற்று என் பக்கம் திரும்பியதும் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கிருஷ்ணகிரி பழகிவிட்டது, வேலை பழகிவிட்டது, தனியாகச் சாப்பிடுவதுகூடப் பழகிவிட்டது. விளக்கெண்ணெய் வாடை மட்டும் பழகவில்லை. வயிறு சுத்தமாகக் குடிக்கிற எண்ணெய்க்குப் பயப்படுகிற ஒரே பொம்பளை நீதான் என்று நீங்கள் இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். உங்களுக்குக் கேலிக்கு ஆள் வேண்டும், அதற்கு நான் எப்போதும் பக்கத்தில் இருந்தேன்.

குடகிலே காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை கப்பலேறிப் போகும்போது, தன் குதிரையைப் பிழைக்க வைத்த நன்றிக்கு தன் மோட்டார் வண்டியை உங்களிடம் விட்டுப்போனார். இரண்டே பேர் உட்காரலாம். பச்சை நிறம். தரையோடு தரையாகக் கிடக்கும். மத்திகிரியில் நீங்கள் மாட்டு டாக்டராக இருந்த பண்ணையின் கன்னடக்கார ஆட்கள் அதற்குக் 'கப்பெ காடி' என்று பெயர் வைத்தார்கள், தவளை வண்டி. உங்களுக்கு அதில் கோபமே இல்லை. தவளை எவ்வளவு தூரம் தாவும் தெரியுமா என்று அவர்களிடமே கேட்டீர்கள்.

தாவுகிற வண்டியைத் தொழுவம் தொழுவமாக ஓட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? சாணியும் கோமியமும் சேறும் அடிவயிற்றில் அப்பிக்கொண்டு வரும். கோமியம் இரும்பைத் தின்றுவிடும் என்று சொல்வீர்கள். அதனால் சனிக்கிழமை தவறாமல் நம் வீட்டுப் பின்வாசலில் அந்தக் கூத்து நடக்கும். வேலிக்கு நடுகிற நீளமான கல்பலகை இரண்டைக் கருங்கல் அடுக்கின்மேல் சாய்வாக வைத்து, வண்டியை மேலே ஏற்றி நிறுத்துவீர்கள். அப்படியும் அடியில் ஒரு முழ இடம்தான். உங்கள் தொந்திக்கு அது போதாது. முதல் தடவை நுழையப் பார்த்துப் பாதியில் மாட்டிக்கொண்டு, நான் காலைப் பிடித்து இழுத்தேனே, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து உள்ளே போகிற வேலை என்னுடையது. சேலையை வரிந்து கட்டி, தலைக்குத் துணி சுற்றி, கோணிச் சாக்கின்மேல் மல்லாந்து படுத்து உள்ளே நகருவேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். மூங்கில் சிம்பால் சேற்றைச் சுரண்டி, தேங்காய் நாரை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, கடைசியில் துருப்பிடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவுவேன். ஏர்க்கொழுவிலிருந்து கதவுக் கீல் வரை நம் பக்கத்தில் எல்லா இரும்புக்கும் அதுதானே மருந்து. வண்டிக்கும் அதையே பூசினோம், வேறு யோசனையே வரவில்லை.

அடியில் படுத்திருந்தால் எனக்கு உங்கள் பாதங்கள் மட்டும் தெரியும். அந்தப் பாதங்களோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். நீங்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்து, அதை மூன்று தடவை உதைத்துப் பார்த்து, நான் வெளியே வரும்வரை நகராமல் நிற்பீர்கள். பலகை நழுவி வண்டி என்மேல் இறங்கிவிடும் என்று உங்களுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அத்தனை இரும்பு. விழுந்தால் என்மேல்தான் விழும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இடது பின்சக்கரத்தின் உள்பக்கம், ரப்பர் குழாய் வந்து சேருகிற இடத்தில் ஈரம் கண்டேன். அங்கே நான் இன்னும் எண்ணெய்த் துணியை வைக்கவே இல்லை. விரலால் தொட்டு முகர்ந்தேன். விளக்கெண்ணெய் வாடை, அதற்கு அடியில் லேசாக ஸ்பிரிட் வாடை. ஊசி போடுகிற உங்கள் கையிலும் சட்டையிலும் எப்போதும் அந்த ஸ்பிரிட் வாடைதான்.

"ஏங்க, இங்க ஈரமா இருக்குதுங்க," என்றேன்.

"போன வாரம் நீ தடவின எண்ணெதான். தோசைக்கு ஊத்தற மாதிரி ஊத்தி வெச்சிருக்கற," என்றீர்கள். பாதங்கள் சிரிப்பில் ஆடின.

அடுத்த வாரமும் ஈரம். சொன்னேன், அதே தோசைப் பேச்சு. அதற்கடுத்த வாரம் பண்ணையிலிருந்து வந்திருந்த இரண்டு பேருக்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதன்பிறகு சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைத்தேன், மேலே புது எண்ணெயைப் பூசினேன், வெளியே வந்தேன். வண்டி நிற்கிற கல்பலகையில் அந்த இடத்துக்கு நேர்கீழே ஒரு கறுப்புக் கறை விழுந்திருந்தது. இரண்டு மழை பெய்தும் அது போகவில்லை. கோழிகூட அதைச் சுற்றிக்கொண்டு போனது. பார்த்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை.

இதற்கிடையில் பிரேக் கட்டையை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னீர்கள். பிறகு மூன்று தடவை. பெங்களூரிலிருந்து வாங்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து பிரேக் எண்ணெயை ஊற்றி நிரப்புவீர்கள், நாலு நாளில் குறைந்துவிடும். வயசான மாடு, தண்ணீர் அதிகம் குடிக்கும் என்றீர்கள். மாடு காதை ஆட்டுகிற விதத்தில் நோயைச் சொல்கிறவர் நீங்கள். இந்த ஒன்று மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை.

நீங்கள் போன அன்று காலையில் நாகரசம்பட்டியிலிருந்து உங்கள் அக்கா ஆளனுப்பியிருந்தார், மாடுகளுக்கு வாய்க்கோமாரி. உடனே கிளம்ப வேண்டும். ஆனாலும் சனிக்கிழமை வழக்கத்தை விடாமல் விடிந்ததும் நான் அடியில் போய் எல்லாவற்றையும் முடித்திருந்தேன். அன்று ஈரம் அதிகம். சொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கெட்டியாக எண்ணெயை அப்பிவிட்டு நகர்ந்து வெளியே வந்தேன்.

அப்போது நீங்கள் செய்ததை யாருக்கும் சொன்னதில்லை. பையைக் கீழே வைத்தீர்கள். வேட்டியை மடக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மண்டியிட்டு, தலையைத் தரையோடு சாய்த்து அடியில் பார்த்தீர்கள். ஒரு நாளும் அப்படிப் பார்த்தவரில்லை.

"எங்க ஈரம்னு சொன்ன நீயி?"

உங்கள் குரலில் கேலி இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும், மூன்று வாரம் கேலி கேட்ட கோபம் நாக்கின் நுனியில் நின்றது.

"ஒண்ணுமில்லீங்க. நான் தடவின எண்ணெதான்," என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பளபளவென்று இருந்தது. அதற்குத்தானே அத்தனை பாடுபட்டேன். எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, என் கன்னத்தில் இருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று கிளம்பினீர்கள்.

சூளகிரிவரை சமதரை. மேலுமலையில்தான் இறக்கம். இரண்டாவது வளைவில் கைப்பிடிச் சுவர் உடைந்திருந்த இடத்தைப் பிறகு நானும் பார்த்தேன். எதிரே ஏறி வந்த லாரிக்காரர், டாக்டர் கால் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருந்தது தெரிந்தது என்று சொன்னார்.

வண்டியைத் தூக்கி வந்த மெக்கானிக் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, யார் இதைச் சுத்தம் பண்ணுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். மண்ணெண்ணெய் பட்டுப் பட்டு பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய் ஊறி வெடித்திருக்கிறது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பிரேக் எண்ணெயில பாதி வெளக்கெண்ணெ, மீதி ஸ்பிரிட்டுதாம்மா. மேலயும் அதையே பூசி வெச்சா, ஒழுகறது எப்படிம்மா தெரியும்?" என்றார். உங்கள் அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவரைத் திருத்தவில்லை.

இன்று மதியம் அந்த வண்டிக்காரர் புறப்படும்போது நான் ஓடிப்போய்க் குனிந்து அச்சைத் தொட்டு முகர்ந்தேன். என்னம்மா என்று அவர் திகைத்துப் போனார். இப்படித்தான் ஆகிவிட்டேன். எங்கே ஈரம் பார்த்தாலும் தொட்டு, முகர்ந்து, பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அப்படியே என்னிடம் நிற்கிறது. நீங்கள் மண்டியிட்டுக் கேட்டீர்கள். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

இடது பின்சக்கரத்தின் உள்பக்கங்க. சொட்டிக்கிட்டே இருக்குது. நான் தடவின எண்ணெ இல்லீங்க. இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க.