குகையின் மற்றப் பாதி

மிச்ச மண்ணையும் இன்றைக்குக் கழுவி முடித்துவிடுவோம் என்று மூட்டையின் கட்டை அவிழ்த்தேன். அந்த மணம் சமைக்கிற குசினி முழுக்கப் பரவிவிட்டது. வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த, நம் குகையின் மணம். நாம் புலம்பெயர்ந்து வந்த இந்த ஹரோவில் வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, நான் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து மூட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். நீ பார்த்திருந்தால், "விசர் பிடிச்சிட்டுதோடி உனக்கு?" என்று கேட்டிருப்பாய். ஓமடி, பைத்தியம் பிடித்துத்தான் விட்டது.

நாம் வேலை செய்த பல்கலைக்கழகத்தின் நிலவறையை வேறு எதற்கோ எடுக்கப் போகிறார்களாம். அகழ்வாய்வுக்குப் போன தீவிலிருந்து நாம் கொண்டுவந்த எலும்பும் சிப்பியும் கல்லாயுதங்களும் முன்னமே அந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டன. மிஞ்சியது இந்த ஒரு மூட்டை. "மண்தானே, கொட்டிவிடலாமா?" என்று பொறுப்பாளர் கேட்டார். பண்பாகத்தான் கேட்டார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து ரயில் ஏறிவிட்டேன். எதிரே இருந்தவர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அரிசி என்று நினைத்திருப்பார்.

குகையில் நாம் வெட்டிய குழியின் சுவர் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அடியில் கரிய சாம்பல். கடல் கடந்து அந்தத் தீவுக்கு முதன்முதல் வந்தவர்கள் அடுப்பு மூட்டிய இடம். அதற்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு வெறும் மஞ்சள் களிமண். அதற்கும் மேல் மறுபடி சாம்பல், மறுபடி சுட்ட சிப்பி. இடையில் அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் உன் கேள்வி. படகேறித் திரும்பினார்களா, அந்த மழைக்காட்டில் தின்ன வழி தெரியாமல் செத்து மடிந்தார்களா, இல்லை தீவிலேயே வேறெங்கோ இருந்துகொண்டு எப்போதாவது வந்து போனார்களா? ஒரு பையோடு இந்த ஊரில் வந்திறங்கியவள் நீ. அந்தக் கேள்வி ஏன் உன்னை அப்படிப் பிடித்து ஆட்டியது என்று நான் கேட்டதில்லை. நானும் அப்படி வந்திறங்கியவள்தானே.

குகையில் நாம் தோண்டிக் கிண்டிய பாதியை நண்டுகள் பாழாக்கியிருந்தன. வளை தோண்டி, மேல் மண்ணையும் கீழ் மண்ணையும் கலந்து வைத்திருந்தன. களிக்குள் கரி இருந்தால் இடைக்காலத்திலும் ஆட்கள் வந்து போயிருக்கலாம்; ஆனால் அங்கே கரித்துண்டு கிடைத்தாலும் அது எந்தக் காலத்தது என்று நம்பிச் சொல்ல வழியில்லை. கிண்டாத மற்றப் பாதியிலோ ஒரு வளைகூட இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது.

"இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள் இருக்கு. அதையும் கிண்டுவமடி."

"ஏலாது. பாதியைத் தொடக்கூடாது. பின்னாலை வாறவையிட்டை எங்களிட்டை இல்லாத கருவியெல்லாம் இருக்கும்."

"அவை வராட்டில்?"

"வருவினம். குகை எங்கை ஓடப்போகுது?"

கொஞ்சத்தைக் கிண்டாமல் விட்டு வைப்பது நம் துறையில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். உனக்கு அது விரதம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில்கூட உன்னோடு பேசவில்லை. பாவம் பார்த்தாயோ என்னவோ, கிளம்புகிற அன்று அந்தச் சுத்தமான சுவரிலிருந்து ஒரேயொரு மூட்டை களியை வெட்டிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாய். "இந்தா, உன்ரை பங்கு. இனிச் சிரி."

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நீ வலியைப் பற்றிப் பேசவில்லை. "மற்றப் பாதி இருக்குத்தானே?" என்று கேட்டாய். "ஓம், இருக்கு" என்றேன். அப்போது இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில், தீவில் நமக்குச் சமைத்துத் தந்தவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். குன்றையே காணவில்லை. சீமெந்துக்குக் கல் உடைக்கிறார்கள். குகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. குகை எங்கை ஓடப்போகுது என்று கேட்டாயே! செத்தவளோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன். அன்று நீ விட்டிருந்தால் அந்தக் களி முழுவதும் இன்று நம் கையில் இருந்திருக்கும். நீ யாருக்கடி மிச்சம் வைத்தாய்? கல் ஏற்றுகிற லொறிக்கு வைத்தாய்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மதுரைப் பிள்ளையிடம் போய்க் கேட்டேன். "மொத்தத்தையும் கழுவினாத்தான் அக்கா, காலம் கணிக்கிற அளவுக்குக் கரி கிடைக்கும். ஆனா ஒரு தடவ கழுவிட்டா, அப்புறம் அந்த மண்ணுல வேற எதையும் தேட முடியாது. பாத்துக்கங்க" என்றாள். பாதி போதாதா என்றேன். "சந்தேகம்தான்க்கா."

மூட்டையில் பாதியைச் சனிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவில் வைத்துச் சல்லடையில் கழுவினேன். கரி இருந்ததடி! கடுகிலும் சிறிதாய் நாலைந்து பொட்டு. ஆட்கள் மூட்டிய நெருப்போ, காடு எரிந்த கரியோ தெரியாது. காலம் கணிக்க அது காணாது, அளவு போதாது என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். அதனால்தான் இன்றைக்கு மிச்சத்தையும் அவிழ்த்தேன்.

ஆனால் அவிழ்த்த மூட்டையைக் கழுவாமல் மறுபடி கட்டிவிட்டேன். என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "இதை எங்கை வைக்கப் போறீர்?" என்றார். படிக்கட்டுக்குக் கீழே என்றேன். "எவ்வளவு காலத்துக்கு?" என்றார். பின்னால் வருகிறவர்கள் என்றாயே, அவர்களில் ஒருவரையாவது எனக்குக் காட்டு. நம் ஆய்வுக்கு இனி ஆளும் இல்லை, இடமும் இல்லை. எனக்கும் வயது போகிறது. எனக்குப் பிறகு இந்த மூட்டையை யாரோ குப்பைத் தொட்டியில் போடுவார்கள், அது என்னவென்று தெரியாமலே.

உன் விரதத்தைக் காப்பாற்றத்தான் கட்டினேன் என்று நினையாதே. சனிக்கிழமை கழுவி முடித்த மண்ணை அள்ளி மோந்து பார்த்தேன். குகையின் மணம் போய், குழாய்த் தண்ணீரின் மணம்தான் வந்தது. உன் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இந்தப் பாதியையும் அப்படி ஆக்க வேண்டும்.

ஏலாதடி.