சம்பந்தியம்மாவை வாசலில் நிறுத்திய காரணம்

தலைச்சோலை,
ஞாயிறு காலை.

என் கண்ணு தீபிகாவுக்கு,

அம்மா காமாட்சி எழுதுகிறேன். நீயும் வயிற்றில் இருக்கும் உயிரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு மறுபடி பொய்தான் வாயில் வருகிறது. அதனால்தான் கடிதம்.

உன் மாமியார் பழத்தட்டோடு வந்த அன்று, உள்ளே பெயின்ட் அடித்திருக்கிறது, இன்னும் காயவில்லை என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டேன். பிறகு ஒண்டிக்கடை முக்குக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு எப்போது அழைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். இங்கே பனி அதிகம், பார்க்கலாம் என்றேன். பெற்றவளுக்கே மனமில்லை என்று அவர் உன்னிடம் வருத்தப்பட்டதாகச் சொன்னாய். அவர்மேல் தப்பில்லை. பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை, கண்ணு. உள்ளே அவர் உட்கார இடமில்லை. நிற்கவும் இடமில்லை.

நான் வேலை செய்யும் லாட்ஜில் ரூமைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போவதை நான் வீட்டுக்கு எடுத்து வருவது உனக்குத் தெரியும். பாதி சோப்பு, பிளாஸ்டிக் டப்பா, பழைய பேப்பர், குழந்தைகளின் ஒற்றைச் செருப்பு. நீ ஹாஸ்டலில் இருந்தபோது உன் அறை நிறைந்தது. உன் கல்யாணத்துக்குள் சமையல்கட்டும் நிறைந்துவிட்டது. மறுவீட்டு விருந்தை ஓட்டலில் வைத்தது பெருமைக்காக இல்லை. ஊரார் படுக்கிற அறையைத் தூசி இல்லாமல் துடைத்துவிட்டு வருகிறவள், என் வீட்டில் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் அடுப்புக்குப் போகிறேன். போன மழைக்காலத்திலிருந்து அப்பா, தான் ஓட்டும் ஜீப்பில்தான் படுத்தார். கேட்பவர்களிடம் வண்டிக்குக் காவல் என்பார்.

ஒருமுறை நான் வேலைக்குப் போயிருந்தபோது, ஒரு ஜீப் நிறைய அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டார். நான் குப்பைமேட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன். பல நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் தொட்டதில்லை.

உன் மாமியார் திரும்பிப் போன அன்று அப்பா, "காமாட்சி, புள்ள வந்தா படுக்க ஊட்டுல எடமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் போனேன். சேலத்தில் மனநல டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோம்பல்னோ பேராசைன்னோ நெனைக்காதீங்கம்மா. இது ஒரு நோய். வைத்தியம் இருக்குதுங்க" என்றார். இத்தனை காலம் நான் என்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் அந்த இரண்டு வார்த்தையால்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கொடுக்கும் ஜெஸ்லின் என்ற பெண் வாராவாரம் பஸ் ஏறி இங்கே வருகிறாள். முதல் நாள் கதவைத் திறக்க எனக்குக் கூசியது. அவள் முகம் சுளிக்கவில்லை. "நான் எதையும் தொட மாட்டேனுங்க. நீங்களே எடுங்க, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். ஒரு காலி ஷாம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். என்றைக்காவது யாருக்காவது வேண்டியிருக்குமே என்று தவித்தேன். தவிப்பு ஏறத்தான் செய்யும், பொறுத்தால் தானாக இறங்கும் என்று சொல்லி அவள் பக்கத்திலேயே இருந்தாள். இறங்கியது. சாக்கில் போட்டேன். மறுநாள் அதையே திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவள் வந்தபோது அதையும் சொன்னேன். திட்டாமல், இன்றைக்கு மறுபடி பார்க்கலாம் என்றாள்.

இப்போது ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் வந்திருக்கிறது. அப்பா உள்ளே படுக்கிறார். ஆனால் உன் அறைக் கதவை இன்னும் திறக்க முடியவில்லை. உன் பிரசவத்துக்குள் முடியாது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொள்ள முடியாத அம்மாவாகிவிட்டேன்.

நான் அங்கே வரட்டுமா? உன் மாமியாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. காட்ட உனக்குக் கூச்சமாக இருந்தால் வேண்டாம், நீ அறிந்தது போதும்.

நீ நல்லபடியாகப் பெற்று எழ வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்ட எனக்குத் தெரியும். உனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போடுவேன். ஆனால் அங்கேயும் வெற்று டப்பாவைக் கண்டால் என் கை போகும். ஊருக்குக் கிளம்பும்போது என் பையைத் திறந்து பார்த்து அனுப்பு, சாமி. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வா என்று மட்டும் சொல்.

உன் அம்மா,
காமாட்சி